பால் மறக்க அங்கோர் வரை

அங்கோர் கோயில்களைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. என் மகன் பால் மறக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று கண்டுபிடித்தவள் அம்மா.

அப்பா பொதுப்பணித் துறையில் குளங்களையும் கால்வாய்களையும் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். கம்போடியாவில் ஒரு கோயிலைச் சுற்றிக் கடல் மாதிரி அகழி வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று எங்கேயோ படித்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. அவரும் அம்மாவுமாகப் போவதாகத்தான் ஏற்பாடு. புறப்படும் நாள் நெருங்கியபோது அம்மாவுக்குக் கால்மூட்டு வீங்கிக்கொண்டது. அஞ்சுகிராமத்தில் அவர்கள் வீட்டின் முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, என் மடியில் கிடந்து பால் குடித்துக்கொண்டிருந்த கவினை அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

“எனக்குப் பதிலு நீ போ மக்கா, அப்பாகூட. இவன் இங்க நிக்கட்டு. வரும்போ பால் மறந்திருப்பான்.”

கவினுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. ஓடத் தெரியும், ஃபிரிட்ஜைத் திறந்து தக்காளி எடுத்துக் கடிக்கத் தெரியும். ஆனாலும் தூக்கம் வந்தால், விழுந்தால், கோபம் வந்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும், ‘மிஞ்ஞி’ என்று பால் கேட்டு என் சட்டையைப் பிடித்து இழுப்பான். நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் சரித்திரம் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்து நான் கைகால் கழுவும் வரைக்கும் அவனுக்குப் பொறுக்காது. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம். நாட்டுமருந்துக் கடையில் சென்னிநாயகம் என்று கறுப்பாக ஒரு கசப்புக் கட்டி தருவார்கள். அதையும் உரைத்துப் பூசினோம். அவன் முகத்தைச் சுளித்தான், என் ஷாலின் நுனியால் நிதானமாகத் துடைத்தான், குடித்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கடைசி வழி ஒன்று உண்டு. தாயைக் கொஞ்ச நாள் எங்காவது அனுப்பிவிடுவார்கள். என்னைப் பால் மறக்கடிக்க அம்மா குலசேகரத்தில் அவளுடைய அக்கா வீட்டில் போய் இருந்தாளாம். “திரும்பி வந்து கையை நீட்டுனேன். யாரோன்னு நெனச்சு கதவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிட்டா” என்று இன்றைக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். சின்ன வயதில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது அந்தக் கதை தொடங்கினாலே ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விடுகிறேன்.

போகும் முன் அம்மா சட்டம் போட்டாள். போனில் கவினுக்கு என் முகத்தைக் காட்டக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது. இன்னொன்றை என் காதில் மட்டும் சொன்னாள்.

“பால் கட்டிக்கிட்டா பிழிஞ்சு எடு. கண்ட எடத்துல ஊத்தாத. கக்கூஸ்ல ஊத்தப்பிடாது, ஆளு மிதிக்கிற எடத்துல ஊத்தப்பிடாது. மரத்து மூட்டுல ஊத்து. பிள்ளைக்காக்கும்.”

மரத்து மூடு என்றால் மரத்தின் அடி. அப்படி ஊற்றாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. ‘பிள்ளைக்காக்கும்’ என்று சொல்லிவிட்டால், எவ்வளவு படித்திருந்தாலும் அதற்குமேல் வாதாட எனக்குத் துணிச்சல் கிடையாது.

*

போகும் ஊரில் யார் யார் எப்படி எப்படி ஏமாற்றுவார்கள் என்று புறப்படும் முன் நான் வரி விடாமல் படித்திருந்தேன். அப்பா ஒன்றும் படிக்கவில்லை. ஆகவே அங்கோர் கோயில்களை ஒட்டிய ஊரான சியெம் ரீப்பில் இறங்கியதும் எங்களை ஏற்றிக்கொண்ட டுக் டுக் ஓட்டுநர், “உங்கள் ஹோட்டலில் வெள்ளம் புகுந்துவிட்டது, என் மாமா ஹோட்டல் மேட்டில் இருக்கிறது” என்று சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பாவும் நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்தது வேறு காரணத்துக்கு.

“வெள்ளமா? எவ்வளவு ஒசரம் நிக்குன்னு கேளு மக்கா. ஓடை அடைச்சிருக்கும்.”

நான் ஹோட்டலுக்குப் போன் செய்தேன். அங்கே வெள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டுநர் வெட்கப்படவே இல்லை. “அப்படியானால் அது வேறு ஹோட்டலாக இருக்கும்” என்று சிரித்துவிட்டு எங்களைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டான். வெள்ளம் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று அப்பாவுக்குத்தான் வருத்தம்.

“உங்களை ஏமாத்தப் பாத்தான்பா.”

“உன் சித்தப்பன் செய்யாததா?” என்றார் அப்பா.

அது உண்மை. அப்பாவின் தம்பி கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் போகும் வழியில் கடை வைத்திருந்தார். ஏழு வண்ண மணல் என்று பாக்கெட்டில் போட்டு விற்பார். இயற்கையில் கிடைக்காத இரண்டு வண்ணங்களுக்கு வீட்டு மொட்டைமாடியில் சாயம் காய்வதை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிப்போகும் வடநாட்டுப் பெண்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சுற்றுலாப் பயணிகள் வரும் ஊரில் பிறந்தவளுக்கு இந்த வித்தையெல்லாம் கடைக்குள்ளிருந்து பார்த்துப் பழக்கம். வெளியே நிற்கும் ஆளாக இருப்பது இதுதான் முதல்முறை.

ஊர் முழுக்கப் பனைமரம். அதை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை. வயல், வயலுக்கு நடுவில் பனை, பனைக்குப் பின்னால் மேகம். எங்கள் பக்கத்தில் அகஸ்தீஸ்வரம் தாண்டிப் போகிற மாதிரியே இருந்தது, மின்சாரம் எடுக்கும் காற்றாடிகள் மட்டும் இல்லை. சாலையோரத்தில் நுங்கு விற்றார்கள். கருப்பட்டி விற்றார்கள், ஓலையில் சுற்றி. சாப்பாட்டுக் கடையில் இடியாப்பம் போன்ற ஒன்றின் மேல் தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பை ஊற்றித் தந்தார்கள். புளி போதவில்லை என்றார் அப்பா. இரண்டாவது தட்டு வாங்கும்போதும் அதையே சொன்னார்.

அன்று மாலை சந்தையில் நடந்துகொண்டிருந்தோம். இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண் என் பக்கத்தில் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. “பணம் வேண்டாம் அக்கா. குழந்தைக்குப் பால் வேண்டும். ஒரு டின் பால்மாவு மட்டும் வாங்கிக் கொடுங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சுருட்டை முடியும் பச்சைச் சட்டையுமாகக் குழந்தை அவள் தோளில் கன்னத்தை வைத்து என்னைப் பார்த்தது.

இதையும் படித்திருந்தேன். அவள் காட்டும் கடையில் டின் வாங்கிக் கொடுப்போம். நாம் போனதும் டின் கடைக்குத் திரும்பிவிடும், காசை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள். குழந்தை ஒருமுறை சிணுங்கியது. அழுகைகூட இல்லை, சும்மா ஒரு சிணுங்கல்.

என் சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது.

உடம்புக்கு எந்தக் குழந்தை என்று தெரியவில்லை. ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையைக் கட்டியபடி நடந்தேன்.

“என்ன மக்கா, குளுருதா?” என்றார் அப்பா. சட்டை முதுகோடு ஒட்டும் வெக்கை.

“ஆமாப்பா” என்றேன்.

அறைக்கு வந்த பிறகு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் பொய்க்காரியாகவே இருக்கட்டும், குழந்தை பொய்யா? டின்னை வாங்கி, மூடித் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்திருக்கலாம். கிழித்தால் கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டான். ஆனால் அவளுக்கு வேண்டியது அரிசியாக இருந்தால்? அவள் வீட்டில் எது தீர்ந்துபோயிருக்கிறது என்று நான் யார் தீர்மானிக்க? இப்படி ஒரு பக்கம். படித்துவிட்டு வந்தும் ஏமாந்தாள் என்று கணவர் கேலி செய்வாரே என்று இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது.

*

மறுநாள் அங்கோரின் பெரிய கோயில். அகழியைப் பார்த்ததும் அப்பா ஓட்டுநரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். கோபுரத்தை அவர் பார்க்கவே இல்லை.

“அம்மாடி. நம்ம பெரிய குளத்தையெல்லாம் இதுல ஒரு மூலையில வைக்கலாம். மடை எங்க?”

மடை என்பது குளத்திலிருந்து வயலுக்கு நீர் விடும் வாய். அப்பா வாழ்நாள் முழுக்க அதைத் திறப்பதும் மூடுவதும் அதற்காக வரும் சண்டைகளைத் தீர்ப்பதுமாக இருந்தவர். எதிரே வந்த வழிகாட்டிகள், போலீஸ்காரர், ஐஸ் விற்கும் பெண், எல்லோரிடமும் மடை எங்கே என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

“வெள்ளம் உள்ள வருகுல்லா? அப்போ வெளிய போக ஒரு வழி வேணும்லா?” என்று என்னிடம் நியாயம் கேட்டார். எங்கள் பேச்சில் தண்ணீரும் வெள்ளம்தான். என் நெஞ்சு கல்லாகக் கனத்துக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்பாலத்தின் இரு பக்கமும் படமெடுத்த நாகங்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஆவணி ஞாயிறுகளில் வரிசையில் நின்று பால் ஊற்றி வளர்ந்தவளுக்கு அவற்றை வெறும் சிற்பமாகப் பார்க்க முடியவில்லை. ஒன்றின் கழுத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். பின்னால் வந்த வெள்ளைக்காரர் என்னைப் படம் எடுத்துக்கொண்டார்.

உள்ளே ஒரு மண்டபத்தில் ஒரு பாட்டியம்மா அப்பாவின் கையில் ஊதுபத்தியைத் திணித்து, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டி, ஏதோ முணுமுணுத்து, பிறகு கையை நீட்டினார். இதையும் படித்திருக்கிறேன். “கொடுக்காதீங்கப்பா” என்று சொல்வதற்குள் கொடுத்துவிட்டார்.

“மந்திரம் சொன்னாங்கல்லா?”

“அது மந்திரமான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“சுசீந்திரத்துல சொல்றது மட்டும் எனக்குத் தெரியுமா?” என்று கயிறைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

பாற்கடல் கடையும் சிற்பம் நீண்ட சுவர் முழுக்க ஓடுகிறது. ஒரு பக்கம் அசுரர்கள், மறுபக்கம் தேவர்கள், நடுவில் வாசுகி கயிறாக. பத்து வருடமாகப் பாடப் புத்தகத்தில் கட்டைவிரல் அளவுக்குப் படம் காட்டிப் பாடம் நடத்திய எனக்கு அங்கேயே நாளெல்லாம் நிற்க ஆசை. கொஞ்ச நேரம்தான் நிற்க முடிந்தது. கை தூக்க முடியாத வலி. அப்பாவை ஒரு தூணோரம் உட்காரவைத்துவிட்டு வெளியே கழிவறையைத் தேடி ஓடினேன். தண்ணீர்ப் பாட்டிலில் பிழிந்து எடுத்தேன். அழுதுகொண்டே பிழிந்தேன் என்று எழுதினால் நாடகமாகத் தெரியும். ஆனால் அப்படித்தான் நடந்தது.

பால் பாட்டிலுக்கு வந்துவிட்டது. மரம்? சுற்றிலும் கல். புல்வெளியில் ஆட்கள் நடக்கிறார்கள். அம்மாவின் சட்டப்படி அங்கே கூடாது. பையில் வைத்து ஹோட்டலுக்கே கொண்டுவந்தேன். வரவேற்பறையில் வரிசையாகத் தொட்டிச் செடிகள் இருப்பது நினைவில் இருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்தேன். அத்தனையும் பிளாஸ்டிக்.

அப்பா மோர் என்று நினைத்து எடுத்துவிடுவாரோ என்று பயந்து பாட்டிலைத் துணிக்குள் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன்.

கணவர் போன் செய்தார். நாகர்கோவிலில் வேலை முடிந்து, இந்த நாட்களில் அவரும் அஞ்சுகிராமத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

“ஏட்டி, உங்க அம்மைக்குத் தெரியாம மாடியில நிக்கேன். பைய பேசு.”

“எப்படி இருக்கான்?”

“ஒறங்குதான். நேத்து பயங்கர அழுகை. இன்னைக்கு அந்த அளவுக்கு இல்ல. நம்ம ரூம் கதவைத் தட்டிட்டு, மிஞ்ஞி மிஞ்ஞின்னு கூப்பிட்டான். தெறந்து காட்டினேன். கட்டிலுக்கு அடியில எல்லாம் பாத்தான். பெறவு வந்து தோசை தின்னான்.”

“கட்டிலுக்கு அடியிலயா?”

“நீ அழாத. நான் ஒரு படம் அனுப்புதேன்.”

வேண்டாம் என்றேன். உடனே அனுப்புங்கள் என்றேன். வந்தது சாயங்காலம் எடுத்த படம். அதில் கவின் முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்து நின்றான். முகம் தெரிகிற மாதிரி எடுக்கக் கூடாதா என்று கேட்டேன். போனைப் பார்த்தால் உன்னைக் கேட்பான், அதனால்தான் என்றார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்மண்டையில் முடி நன்றாக வளர்ந்திருந்தது. இல்லை, அது முன்பே அப்படித்தான் இருந்ததோ?

*

அடுத்த நாள் போன கோயிலை, ஒரு ராஜா தன் தாய்க்காகக் கட்டினார் என்று சொல்கிறார்கள். இப்போது அது மரங்களின் கோயில். மதில்மேல் உட்கார்ந்து, சுவர் வழியே காலைத் தொங்கப்போட்டு, கல்லையெல்லாம் விரல்களால் கவ்விப் பிடித்தபடி மரங்கள் நிற்கின்றன. எனக்கு உள்ளே நுழைந்ததும் ஒரே எண்ணம். மூடு! எங்கு பார்த்தாலும் மரத்து மூடு!

அப்பா வடிகால் தேடி ஒரு பக்கம் போனார். நான் மறைவில் ஒதுங்கிப் பாட்டிலை நிரப்பினேன். பிறகு, ஆட்கள் படம் எடுக்க நிற்கும் இடத்துக்கு அப்பால், கயிறு கட்டாத ஒரு பெரிய வேரின் அடியில் குனிந்து ஊற்றினேன். முந்தின நாள் பாட்டிலையும் கழுவி ஊற்றினேன். மண் குடித்துக்கொண்டது. ‘பிள்ளைக்கு ஒண்ணும் வரப்பிடாது’ என்று அம்மா சொல்கிற மாதிரியே வாய்க்குள் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே காக்கிச் சட்டை, கழுத்தில் அட்டை.

“மேடம்! என்ன ஊற்றினீர்கள்? இது புனித மரம். பூசை செய்யத் தடை. அபராதம் உண்டு. போலீசுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் இங்கேயே என்னிடம் கட்டலாம்.”

அட்டையில் இருந்த படத்துக்கும் அவன் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. போலிக் காவலர்கள் பற்றித் தனியாக ஒரு பக்கமே படித்திருந்தேன். அடையாள அட்டையை நிதானமாகக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. கேட்காமல் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஏனென்றால் நான் ஊற்றியது உண்மை. அவன் போலி, குற்றம் அசல்.

சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்தார். “என்னவாக்கும் காரியம்?”

“உங்கள் மகள் கோயிலில் திரவம் ஊற்றினார்.”

“என்ன மக்கா ஊத்துன?”

“தண்ணிப்பா.”

அவன் என் கையிலிருந்த காலிப் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். “தண்ணீர் இப்படி வெள்ளையாக ஒட்டாது சார்.”

“மோரா?” என்றார் அப்பா என்னிடம், குரலைத் தாழ்த்தி. பிறகு அவனிடம் திரும்பி, மோர் மரத்துக்கு நல்லது, உரம், நான் அரசாங்க உத்தியோகஸ்தன், எனக்குத் தெரியும் என்று தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் பேசினார். அவன் போலீஸ், போலீஸ் என்றான். ஆட்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினேன். பாட்டிலைத் தொட்டு, என் நெஞ்சைத் தொட்டு, “பேபி. இந்தியா. ஃபார்” என்றேன். தூரம் என்பதற்குக் கையை நீட்டினேன்.

அவன் பாட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். காது மடல் வரைக்கும் சிவந்துபோனான். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, ஏதோ பூசைச் சாமானைத் தருவது போல என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

அப்பா மரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். கிளை கிளையாக, உச்சி வரைக்கும்.

“ஆணா, பெண்ணா?” என்று கேட்டான் அவன்.

“ஆண்.”

போனை எடுத்துத் தன் மகளைக் காட்டினான். முன்பல் இல்லாத சிரிப்பு. மனைவியின் ஊரில் வளர்கிறாள், பண்டிகைக்குப் போனால் பார்ப்பேன், போன தடவை என்னிடம் வர மறுத்துவிட்டாள் என்றான். அப்புறம் அவன் தோள்பையைத் திறந்து, ஃபிரிட்ஜில் ஒட்டும் யானைப் பொம்மைகளை எடுத்து நீட்டினான். “உங்கள் பையனுக்கு. ஆறு வாங்கினால் விலை குறைவு.”

வடசேரிச் சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற அப்பா, சொன்ன விலையைக் கொடுத்து ஆறையும் வாங்கினார்.

வெளியே வரும் வழியில் யானைப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே நடந்தார்.

“அம்மை சொன்னாளா, மரத்துல ஊத்தணும்னு?”

“ஆமாப்பா.”

“உன்னை மறக்கடிக்கும்போ நான்தான் உன்னைத் தோள்ல போட்டு நடந்தேன். என் சட்டைப் பொத்தானைச் சப்பிட்டு ஒறங்குவ.” இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். “நீ ஒளிஞ்சிட்டேன்னு உங்க அம்மை சிரிப்பால்லா? அன்னைக்குச் சிரிக்கல்ல. அடுக்களையில போய் நின்னா. சோறு வடிக்கல்ல, ஒண்ணும் செய்யல்ல. சும்மா நின்னா.”

நான் நடையை நிறுத்திவிட்டேன்.

“அவ எங்க ஊத்தினாளோ” என்றார். “குலசேகரத்துல ரப்பர் மரத்தை விட்டா என்ன இருக்கு? அதுக்கு ஏற்கெனவே ஒருபாடு பால்.”

இருவரும் நடுரோட்டில் நின்று சிரித்தோம். ஓட்டுநர் எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தான். பிறகு தன் அத்தையின் பட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான்.

அந்தக் கடைத்தெருவில்தான் சந்தையில் பார்த்த குழந்தையை மறுபடியும் பார்த்தேன். அதே சுருட்டை முடி, அதே பச்சைச் சட்டை. தூக்கி வைத்திருந்தது வேறு ஒரு பெண். “பணம் வேண்டாம் அக்கா” என்று அவள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் நான் படித்தது சரி, நான் செய்ததும் சரி. நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் இந்தப் பெண்ணும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை என்றால், அந்தக் குழந்தையின் அம்மா எங்கே இருக்கிறாள் என்றுதான் தோன்றியது. இந்த நேரத்தில் அவளுக்கும் சட்டை நனைகிறதா? குழந்தை யார் தோளிலும் அழவில்லை. அதற்கு எல்லாத் தோளும் பழகியிருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

*

அதன் பிறகு போன கோயில்களில் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். நான் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றிவிட்டு வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தகவல் சொல்வார்.

“அந்த வடக்கு மூலையில ஒரு மரம் நிக்கு. மண்ணு நல்ல மண்ணு, வெள்ளம் தாழும். ஆளு இல்ல.”

நான் போவேன். அவர் பத்தடி தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்து நிற்பார். யாராவது அந்தப் பக்கம் வந்தால் மடை எங்கே என்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

பாட்டிலில் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் பாதி, பிறகு அடியில் ஒரு விரல். வலி போய்விட்டது, வலி போனது வலியைவிட மோசமாக இருந்தது. கணவரின் செய்திகளும் அதே கணக்கில் மாறின. ‘இன்னைக்கு ஒரு தடவைதான் கேட்டான்.’ ‘கதவைத் தட்டல்ல.’ கடைசியில், ‘அவனா ஒறங்கிட்டான் பாத்துக்க. உங்க அம்மை ஊரெல்லாம் சொல்லியாச்சு.’ நல்ல செய்திதானே, எதற்கு ஒரு முழு நாள் பதில் போடாமல் இருந்தாய் என்று பின்னால் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

கடைசிக் கோயில் சின்னது, செந்நிறக் கல். பூவேலைப்பாடு அத்தனை நுணுக்கம். அப்பா பின்பக்கம் ஒரு மரத்தைக் கண்டுபிடித்துவிட்டு, குடையை விரித்துத் தயாராக நின்றார்.

“வேண்டாம்பா. ஒண்ணும் வரல்ல.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. குடையை மடக்கப் போனவர் மடக்கவில்லை. வந்து என் தலைக்கு மேல் பிடித்தார். அங்கே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அப்படியே வண்டி வரைக்கும் நடந்தோம்.

*

திருவனந்தபுரத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து கார். மார்த்தாண்டம் பாலத்தில் நெரிசல். தக்கலையில் அப்பா டீ குடிக்க வேண்டும் என்றார். ஒரு நிமிஷம் முந்திப் போனால் எல்லாம் சரியாக இருக்கும் என்பது போல நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அஞ்சுகிராமத்துக் காற்றாடிகள் தெரிந்ததும், இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கக் கூடாதா என்று இருந்தது. என்ன உடை போட்டிருந்தால் அவனுக்கு என்னைத் தெரியும்? அந்த மஞ்சள் சுடிதாரைப் போட்டிருக்கலாமோ? முடியை இப்படிக் கட்டியிருக்கக் கூடாதோ?

அம்மா வாசலில் நின்றாள். சிரித்த முகம். “சத்தம் போடாம வா. அவனா வரட்டு. நீ கையை நீட்டாத” என்றாள். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

கவின் முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரியாத ஒரு நீலச் சட்டை. கையில் எவர்சில்வர் தம்ளர். முதலில் அப்பாவைப் பார்த்தான், “தாத்தா” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். எழுந்தான். வரவும் இல்லை, ஓடவும் இல்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

அப்புறம் நடந்து வந்தான். நேராக என் மடியில் ஏறினான், எப்போதும் ஏறுகிற அதே பக்கம். என் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு, எதையோ வைத்த இடத்தில் தேடுகிறவன் மாதிரி தடவினான். அம்மா ஓரடி முன்னால் வந்தாள். அவன் கையை வெளியே எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“அம்மா” என்றான். மிஞ்ஞி என்று சொல்லவில்லை.

தம்ளரில் கொஞ்சம் பசும்பால் மீதி இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி என் வாயில் வைத்து, “குடி” என்றான். நான் குடித்தேன். ஆறிப்போன, சர்க்கரை கூடிய பால். அவன் தம்ளரைச் சாய்த்துக்கொண்டே இருந்தான், என் தொண்டை அசைவதை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டு. கடைசிச் சொட்டும் இறங்கியதும் தம்ளரைக் கவிழ்த்து எல்லோருக்கும் காட்டினான்.

“தீந்து” என்றான்.